அண்ணன் பாலை விட்டுவிட்டார்

எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் காலை ஐந்தரை மணிக்கெல்லாம் கேன்களோடு வரிசை நின்றுவிடும். நான் அங்கே பரிசோதகர். பெயர்தான் பெரிது. வருகிற பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, யார் வீட்டுத் தண்ணீர்க் குழாய் எவ்வளவு தாராளம் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. பதினோரு வருடமாக இதைச் செய்கிறேன். புதுச்சேரிப் பக்கம் கரியமாணிக்கத்துக்கும் மடுகரைக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊரில் யார் எப்படிப்பட்டவர் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்படி ஒரு காலையில்தான் அத்தை செல்போனை நீட்டிக்கொண்டு வரிசையை விட்டு விலகி வந்தாள். சொந்த அத்தை இல்லை, முறைக்கு அத்தை. புருஷன் போன பிறகு இரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவள். அவள் வீட்டுச் சமையலறையில் சாமி படம் ஒன்று, அண்ணன் படம் மூன்று.

அண்ணன் என்றால் நடிகர். எங்கள் ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது மரியாதைக் குறைவு. கூடப் பிறந்த அண்ணனைக்கூட 'எங்க பெரியவன்' என்பார்கள். 'அண்ணன்' என்று மொட்டையாகச் சொன்னால் அது சினிமாவில் இருக்கிறவர்தான்.

"இத பாரும்மா. அண்ணன் இன்னா சொல்றாருன்னு பாரு" என்றாள் அத்தை.

யாரோ ஒருவருக்கு அண்ணன் கொடுத்த பேட்டியிலிருந்து வெட்டி எடுத்த துண்டு அது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அமைதியாகப் பேசினார். "பசு பால் சுரக்கிறது அதோட கன்னுக்காக. அதை நாம எடுத்துக் குடிக்கிறது எனக்குச் சரின்னு படலை. அதனால விட்டுட்டேன்." அவ்வளவுதான். துண்டு அங்கே முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஓடியது.

வரிசையில் இருந்த இருபது பேரும் கேனைக் கீழே வைத்துவிட்டுக் கூடிவிட்டார்கள். அன்று முதல்முறையாக நான் 'வாங்க, வாங்க' என்று கூப்பிட்டும் யாரும் பால் ஊற்ற வரவில்லை.

"அப்ப நாம இன்னா திருடியா?" என்றாள் அத்தை.

அண்ணன் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஆனால் ஊருக்குள் வார்த்தைகள் சும்மா இருப்பதில்லை. ஐந்தரை மணிக்கு 'எனக்குச் சரின்னு படலை' என்று சொன்ன அண்ணன், எட்டு மணிக்கு 'பால் குடிக்கிறவன் பாவி' என்று சொல்லியிருந்தார். மதியத்துக்குள் 'பால் விக்கிறவன் திருடன்' என்றார். சாயங்காலம் நான் கடைக்குப் போனபோது, மாடு வைத்திருப்பவர்களை எல்லாம் உள்ளே போடச் சொல்லி டெல்லிக்கு மனு அனுப்பிவிட்டார்.

இதில் என் வீட்டுக்காரர் நிலைமையைச் சொல்ல வேண்டும். அவர் அண்ணனுடைய ரசிகர் மன்றத்தில் எங்கள் ஊர்க் கிளைத் தலைவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தலைவர். என்னைப் பெண் பார்க்க வந்தபோது தன்னைப் பற்றி அவர் முதலில் சொன்னது அதைத்தான். ஒன்றரை ஏக்கர் கரும்பு இருக்கிறது என்பதை அவருடைய அம்மா சொல்லித்தான் எங்கள் வீட்டில் தெரிந்துகொண்டார்கள். எங்களுக்கும் இரண்டு பசு; இப்போது கறவையில் இருப்பது ஒன்று. அதன் பாலும் நான் பரிசோதிக்கும் சங்கத்துக்குத்தான் வருகிறது.

அன்று காலை வயலிலிருந்து வந்ததும் அந்த வீடியோத் துண்டைப் பார்த்தார். ஏழு முறை பார்த்தார்.

"இது அண்ணன் குரலே இல்ல" என்றார். "இப்பத்தான் கம்ப்யூட்டர்லயே குரல் செய்றானுங்களே."

பதினொரு மணிக்கு மன்றத்துக்காரர்கள் யாரோ போன் செய்து குரல் அவருடையதுதான் என்று உறுதி செய்தார்கள். உடனே வேறு காரணம் பிறந்தது. "அண்ணனுக்கு வயித்துக்கு ஒத்துக்கல. டாக்டர் வேணாம்னுருப்பாரு. அத வெளிய சொல்ல முடியுமா? அதான் கன்னுக்குட்டி அது இதுன்னு மாத்திச் சொல்றாரு." சாப்பிட்டு எழுந்தபோது மூன்றாவது காரணம் தயாராகிவிட்டது. "அவரு பாக்கெட் பாலத்தான் சொல்றாரு. நம்ம ஊர்ப் பால சொல்லல."

"நம்ம ஊர்ப் பாலுதானே பாக்கெட்டுல போவுது" என்றேன்.

"உனக்கு அண்ணனப் புடிக்காது. அதான் இப்படிப் பேசற" என்று எழுந்து போய்விட்டார்.

அது உண்மைதான். எனக்கு அண்ணன்மேல் பெரிய அபிப்பிராயம் கிடையாது. கண்ணாடி முன்னால் அதிக நேரம் நிற்கிற ஆள் என்று நினைத்திருந்தேன்.

ஊர் எடுத்த முடிவுதான் என்னை யோசிக்க வைத்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணன் மனைவியை விட்டுப் பிரிந்தார். 'அது அவரு சொந்த விஷயம், நாம எதுக்குப் பேசணும்' என்றது ஊர். ஓட்டுப் போட வரவில்லை. 'ஷூட்டிங் இருந்திருக்கும்' என்றது. குடித்துவிட்டுக் காரைப் புளியமரத்தில் மோதியபோது, அந்த மரத்தை அந்த இடத்தில் யார் வைத்தது என்று ஊரே மரத்தைத் திட்டியது. அவர் வீட்டு டம்ளரில் என்ன இருக்கிறது என்பது மட்டும் திடீரென்று எங்கள் பொது விஷயமாகிவிட்டது. அத்தை தன் சமையலறையிலிருந்த மூன்று படங்களையும் கழற்றினாள். கிழிக்க மனம் வராமல் மாட்டுத் தீவன மூட்டைக்கு அடியில் வைத்தாள்.

பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரர் அதைவிட வேகமானவர். கடைச் சுவரில் பத்து வருடமாக இருந்த அண்ணன் போஸ்டரைச் சுரண்டி எடுத்துவிட்டு, வேறொரு நடிகருக்குப் பேனர் கட்டினார். அந்த நடிகர் சரியான நேரம் பார்த்து, ஒரு பசுவுக்குப் புல் ஊட்டுவதுபோல் ஒரு வீடியோ விட்டிருந்தார். 'பசுக்களின் பாதுகாவலரே, பாலின் பெருமையே' என்று கொட்டை எழுத்தில் பேனர் காற்றில் ஆடியது.

நானும் அத்தையும் சங்கம் முடிந்து அந்த வழியாக வரும்போது நின்று பார்த்தோம். அத்தை கண்ணைச் சுருக்கினாள்.

"ஏம்மா, அது காளை இல்ல?"

காளைதான். சந்தேகமே இல்லை. நல்ல திமில் உள்ள உழவுக் காளை. டீக்கடைக்காரரிடம் சொன்னோம்.

"ஒங்களுக்கு எல்லாத்துலயும் நொட்டை சொல்லணும்" என்றார் அவர். "மனசுதான் முக்கியம். அவரு மனசுல அது பசு."

அத்தைக்கு அந்தப் பதில் பிடித்துப்போய்விட்டது. மறுநாள் அவள் வீட்டுச் சமையலறையில் காளைக்குப் புல் ஊட்டுகிறவர் தொங்கினார்.

இதற்கிடையில் ஒரு பெரிய சிக்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணனுடைய புதுப் படம் அந்த மாதக் கடைசியில் வெளியாக இருந்தது. வெளியாகிற அன்று மடுகரை ரோட்டு முனையில் கட்-அவுட் வைத்துப் பாலாபிஷேகம் செய்வது வழக்கம். அந்தப் பாலைக் கொடுக்கிற நாட்களில் சங்கத்தில் நாற்பது லிட்டர் குறையும், செயலாளர் என்னைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். இந்த முறை மன்றமே பல்லைக் கடித்தது. பால் குடிப்பது தப்பு என்கிறவர் தலையில் எதை ஊற்றுவது?

எங்கள் வீட்டு வாசலில் கூட்டம் போட்டார்கள். பதினான்கு பேர். நான் டீ போட உள்ளே போனேன்; என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, "பால் ஊத்தாத. வரட்டீயா குடு" என்று கிசுகிசுத்தார். கொடுத்தேன். பதினான்கு பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார்கள்.

"எளனி ஊத்தலாம்பா" என்றார் ஒருவர்.

"எளனி தண்ணி மாதிரி இருக்கும். போட்டோல தெரியாது."

"கரும்புச் சாறு?"

"எறும்பு ஏறிடும்பா. அண்ணன் மூஞ்சில எறும்பா?"

கடைசியில் என் வீட்டுக்காரர் எழுந்தார். அவருக்கு எப்போதாவது வரும் ஞானம் அன்று வந்தது. "தேங்காப்பாலு! வெள்ளையாவும் இருக்கும், பாலுன்னு பேரும் இருக்கு. எந்தக் கன்னுக்குட்டியும் வந்து கேக்காது."

கைதட்டினார்கள். நூறு தேங்காய் என்று முடிவானது. பிறகு பதினான்கு தலைகளும் ஒன்றாகத் திரும்பி, வாசற்படியில் நின்றிருந்த என்னைப் பார்த்தன.

"நீங்களே துருவுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அதற்கு முந்தின வாரம் முழுக்க ஊரில் என் வீட்டுக்காரருக்கு நெருக்கடி. சங்கத்துச் செயலாளர் நல்ல மனிதர், ஆனால் நேராகக் கேட்டுவிடுவார். ஒரு நாள் பால் ஊற்ற வந்தவரை எல்லார் முன்னாலும் நிறுத்தினார்.

"இன்னாய்யா, நீ பால் ஊத்துறவனா, மன்றத் தலைவனா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"ரெண்டும்தான்."

"ஒங்க அண்ணன் நம்மள இப்படிப் பேசிட்டாரே, நீ இன்னா சொல்ற?"

"அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு சரி" என்றார் என் வீட்டுக்காரர், கேனைச் சாய்த்து இரண்டு லிட்டரை ஊற்றிக்கொண்டே. நான் குனிந்து லாக்டோமீட்டரைப் பார்ப்பதுபோல் சிரிப்பை மறைத்தேன்.

அன்றிலிருந்து அவர் வெளியே பாலைத் தொடுவதில்லை. டீக்கடையில் ஊரே பார்க்க வரட்டீ. கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கு இலைமேல் கையை மறித்தார். தயிர் வேண்டாம் என்றார். மெலிந்துவிடுவாரோ என்று எனக்கே கவலையாகிவிட்டது. ஒரு மதியம் தீவனம் எடுக்கப் போனபோது வைக்கோல் போருக்குப் பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பெரிய சொம்பைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, மடக்கு மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தார். மீசையெல்லாம் வெள்ளை.

"இன்னாங்க இது?"

திடுக்கிட்டுத் திரும்பினார். மீசையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "மோரு. மோருல இன்னாடி பாலு இருக்கு?"

நான் தீவனத்தை அள்ளிக்கொண்டு திரும்பினேன். அவரைக் கேலி செய்கிற யோக்கியதை எனக்கு இருந்ததா என்று அப்போது சந்தேகமாக இருந்தது. ஏனென்றால் எனக்குள்ளும் ஒன்று நடந்துகொண்டிருந்தது.

வீட்டில் மாடு கறப்பவள் நான்தான். முதலில் கன்றை அவிழ்த்து விடுவேன். அது ஓடிவந்து மடியில் முட்டும். இரண்டு இழுப்பு இழுத்ததும் பால் இறங்கும். உடனே கயிற்றைப் பிடித்து இழுத்துப்போய்க் கம்பத்தில் கட்டிவிட்டு, நான் உட்கார்ந்து கறப்பேன். பிறந்த வீட்டிலும் அப்படித்தான், வந்த வீட்டிலும் அப்படித்தான். கன்று என்னைப் பார்த்துக்கொண்டே நிற்கும். அது பார்க்கிறது என்பதே எனக்கு இத்தனை வருடம் தெரியாது. அந்தத் துண்டைப் பார்த்த மறுநாள் தெரிந்தது. நுரை வாயோடு நின்றது, நாக்கை ஒரு பக்கம் நீட்டி மூக்கைத் துடைத்துக்கொண்டு. நான் முகத்தை மாட்டின் வயிற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு கறந்தேன்.

அந்த வாரமே, வீட்டில் யாரும் இல்லாத மதியத்தில், முழுப் பேட்டியையும் தேடிப் பார்த்தேன். ஒரு மணி நேரம். துண்டு வெட்டப்பட்ட இடத்துக்கு அடுத்து அவர் சொன்னது இது: "நான் யாரையும் விடச் சொல்லலை. மாடு வெச்சுப் பிழைக்கிறவங்க வீட்டுலதான் நானும் வளர்ந்தேன். இது என் மனசுக்குப் பட்டது, அவ்வளவுதான்." இதை எங்கள் ஊரில் யாருமே கேட்டிருக்கவில்லை. மன்றத்துக்காரர்களும் கேட்கவில்லை. நூறு தேங்காய் வாங்கக் கிளம்பியவர்களில் ஒருவராவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்த மனிதர் பேசியதைக் கேட்கவில்லை.

அத்தையிடம் அதைப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். "இப்ப சொல்றாரு பாரு, மாட்டிக்கிட்டதும்" என்றாள்.

"அத்த, ரெண்டும் ஒரே பேட்டிதான். ஒரே நாளு, ஒரே சட்டை."

"சட்டை ஒண்ணா இருந்தா இன்னா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீளமாக வாதாடினேன். பாதியில் என் குரல் எனக்கே கேட்டது: அன்று மழை பெய்திருக்கும், ரோடு வழுக்கியிருக்கும், அந்த இடத்தில் புளியமரம் இருந்ததும் தப்புத்தானே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டென்று நிறுத்திவிட்டேன். ஒரு வாக்கியத்தில் ஊருக்கு அவர் கெட்டவரானார். அதே வாக்கியத்தில் எனக்கு நல்லவராகி, குடித்துவிட்டு ஓட்டிய காருக்குக்கூட நான் வக்கீலாகிவிட்டேன். எனக்கும் டீக்கடைக்காரருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவருக்காவது பேனர் கட்டத் தெரிந்திருந்தது.

ஆனால் கன்று விஷயம் அப்படிப் போய்விடவில்லை. நான் ஒரு காம்பைக் கறக்காமல் விட ஆரம்பித்தேன். மூன்று காம்பு எங்களுக்கு, ஒன்று அதற்கு. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது மன்றத்துப் பேச்சாகிவிடும், அல்லது அதற்கு எதிர்ப் பேச்சாகிவிடும்.

பத்து நாளில் என் வீட்டுக்காரர் கவனித்துவிட்டார். "கறவை கொறையுதே. இன்னா ஆச்சு?" என்று கவலைப்பட்டு, கால்நடை டாக்டரை அழைத்துவந்தார். டாக்டர் மாட்டின் கண்ணைப் பார்த்தார், மடியை அழுத்திப் பார்த்தார், தாது உப்பு எழுதிக் கொடுத்தார். கன்றைக் கண்டுகொள்ளவே இல்லை. அது கொழுகொழுவென்று அவர் சட்டை நுனியை மென்றுகொண்டிருந்தது. கன்றுக்குட்டியின் பாலை எடுப்பது தப்பு என்று எங்கள் கொம்யூன் பஞ்சாயத்து முழுக்க வாதாடி வந்த மனிதர், அரை லிட்டர் எங்கே போனது என்று மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

படம் வெளியாகும் நாள் வந்தது. பதினான்கு ஆண்கள் முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே தேங்காய் துருவினார்கள். நான்கு பேருக்கு விரல் கிழிந்தது. மிக்சியில் அரைத்து, வேட்டித் துணியில் பிழிந்து, இரண்டு அண்டா நிறைத்தார்கள். காலையில் கட்-அவுட் மேல் ஏறி என் வீட்டுக்காரர்தான் முதல் குடத்தை ஊற்றினார். ஊற்றும்போது நன்றாகத்தான் இருந்தது. வெயில் ஏற ஏறத்தான் தேங்காய்ப்பால் தன் குணத்தைக் காட்டியது. எண்ணெய் கக்கி, கட்-அவுட் முழுக்கப் பிசுபிசுத்து, ரோட்டுப் புழுதி மொத்தமும் அதில் ஒட்டிக்கொண்டது. பத்து மணிக்கு அண்ணன் கரும்பு ஆலையிலிருந்து வந்தவர்போல் நின்றார். ஆடுகள் கூடி அவர் காலை நக்கின.

ஊரில் யாரும் படம் பார்க்கப் போகக் கூடாது என்று பால் ஊற்றுகிறவர்கள் பேசி வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் புதுச்சேரிக்குப் போன பஸ்ஸில் அவர்கள் எல்லாருமே இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து, 'ஒரு கல்யாணத்துக்குத் துணி எடுக்க' என்று சொல்லிக்கொண்டார்கள். தியேட்டரில் எல்லாருக்கும் ஒரே வரிசையில்தான் டிக்கெட் கிடைத்தது. அத்தை எனக்குப் பக்கத்தில்.

படத்தில் இரண்டாவது பாட்டு. அண்ணன் ஒரு மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து பால் கறக்கிறார். கறந்துகொண்டே பாடுகிறார். பாட்டு முடிவில் ஒரு செம்பு பாலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

தியேட்டர் அதிர்ந்தது. செயலாளர் எழுந்து நின்று விசில் அடித்தார். அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

"பாத்தியாம்மா!" என்று அத்தை என் கையைப் பிடித்து உலுக்கினாள். கண்ணில் தண்ணீர். "மனசு மாறிட்டாரு!"

"அத்த, இது போன வருஷமே எடுத்திருப்பாங்க. பேட்டி போன மாசம்."

"சும்மா இருடி. எவ்ளோ அழகா கறக்குறாரு பாரு."

அவர் கறந்த விதத்துக்கு எந்த மாடாக இருந்தாலும் உதைத்திருக்கும். கட்டைவிரலை மடக்கி, ஒரே காம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். தினமும் மாட்டுக்கு அடியில் உட்காருகிற இருபது பேர் அந்தத் தியேட்டரில் இருந்தோம். ஒருவர் கண்ணுக்கும் அது படவில்லை.

மறுநாளே தீவன மூட்டைக்கு அடியிலிருந்து மூன்று படங்களும் சுவருக்குத் திரும்பின. டீக்கடைப் பேனரை டீக்கடைக்காரர் மடித்து, அடுப்புக்கு மேலே கூரை ஒழுகுகிற இடத்தில் கட்டினார். என் வீட்டுக்காரர் பஸ் நிறுத்தத்தில் எல்லாரும் பார்க்க ஒரு ஸ்பெஷல் டீ குடித்தார். "நான் அப்பவே சொன்னேன்ல, அண்ணனப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றார். என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பேட்டியைப் பற்றி அதன் பிறகு எங்கள் ஊரில் யாருமே பேசவில்லை. அவர் சொன்னது சரியா, தப்பா என்ற கேள்வி ஒரு நாள்கூட எங்கள் ஊருக்குள் வராமலே போனது.

ஒரு மாதம் கழித்து எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் என் வீட்டுக்காரர்தான் கறந்தார். முதல் நாள் காலையிலேயே வாளியோடு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னைக்கு அர லிட்டர் கூட வருது. கன்னுக்குட்டி வேற கத்திக்கினே கெடக்குது. இன்னா நடக்குது?"

இனி மறைப்பதில் அர்த்தமில்லை என்று சொன்னேன். ஒரு காம்பை விட்டுவிடுகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார். பேட்டியைச் சொன்னேன்.

அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது கோபமில்லை, மனசு உடைந்த மாதிரி ஒரு பார்வை.

"நீ அண்ணனுக்கு ரசிகையே இல்லையேடி" என்றார்.

"இல்லதான்."

"பின்ன அவரு சொன்னத நீ எதுக்குக் கேக்கற?"

நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். காய்ச்சலில் தலை வேறு கனத்தது. அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"வெளிய சொல்லிக்கினு இருக்காத. மன்றத்துல கேட்டாங்கன்னா நான் இன்னா பதில் சொல்றது?"

இப்போதும் நான்தான் பெரும்பாலும் கறக்கிறேன், மூன்று காம்பு. எனக்கு முடியாத நாட்களில் அவர், நான்கும். கன்றுக்கு இந்த வித்தியாசம் பழகிவிட்டது. நான் வாளியை எடுத்தால் சும்மா நிற்கிறது. அவர் எடுத்தால் கத்துகிறது.